வட்டும் பிறழ்சாட்சி ஆகும்

நமக்கென்று ஆவணம் இல்லை, எல்லாம் வாய்மொழிதான் என்று கருத்தரங்குகளில் பேசிப் பேசி நாமே அதை நம்பத் தொடங்கிவிட்டோம். உண்மை அப்படியில்லை. கடந்த முப்பது வருடத்தில் நாம் சேர்த்தது கொஞ்சநஞ்சமல்ல. அது எங்கே கிடக்கிறது என்பதுதான் பிரச்சினை. வழக்கறிஞர் தோழரின் மாடி அறையில், சிற்றிதழ் நடத்துகிறவர் வீட்டு அலமாரியில், நாலு பிள்ளைகள் சேர்ந்து நடத்துகிற இரவுப் பாடசாலையின் மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி முனகிக்கொண்டிருக்கிறது. உள்ளே ரெண்டு ஹார்டு டிஸ்க், வசதி இருந்தால் நாலு. வயரைச் சொருகிவிட்டால் அங்கே இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரும் அதில் எழுதலாம், அதிலிருந்து எடுக்கலாம். கடையில் 'நாஸ்' என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் பிணையச் சேமிப்பகம். நம்ம பிள்ளைகள் 'பெட்டி' என்கிறார்கள். எனக்கும் அதுவே போதும்.

அந்தப் பெட்டிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகள், முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனைச் சான்று, கொளுத்தப்பட்ட குடிசைகளின் போட்டோ, தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பஞ்சமி நில பதில்கள், 1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டியும் அதற்குப் பின்னும் வந்த சிற்றிதழ்களின் ஸ்கேன், இப்போது உயிரோடு இல்லாத ஒரு கிழவி பாடிய ஒப்பாரி. இதில் பாதிக்கு வேறு பிரதி கிடையாது. அசல் தாளை வைக்க இடமில்லை என்று எடைக்குப் போட்டவர்களும் உண்டு. "அதான் ஸ்கேன் பண்ணியாச்சே!"

ஒருநாள் ஒரு கோப்பு திறக்கவில்லை. போட்டோவில் மேல் பாதி முகம் தெரிகிறது, கீழ்ப் பாதி சாம்பல் பட்டை. அறிக்கையைத் தட்டினால் 'கோப்பு சேதமடைந்துள்ளது' என்று வருகிறது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? "வைரஸ்ப்பா" என்கிறோம், "பழைய கேஸ்தானே, போவுது போ" என்கிறோம், அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கப் போய்விடுகிறோம். இதைத்தான் நான் அரசியல் பிரச்சினை என்கிறேன். கம்ப்யூட்டர் மெக்கானிக்கின் பிரச்சினை என்று யாராவது சொன்னால் அவரோடு எனக்குச் சண்டை.

*

ஏன் அரசியல் என்கிறேன்? நம் வரலாறு எழுதப்படாததால் மட்டும் அழியவில்லை. எழுதப்பட்டு, ஒரே பிரதியாக, ஒரே இடத்தில் இருந்ததால் அழிந்தது.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஏழு வருடம் நடத்தினார். அதன் முழுத் தொகுப்பு இன்று எந்த நூலகத்திலும் கிடையாது. அதற்கும் முந்தைய நம் இதழ்கள் பலவற்றைப் பற்றி நாம் அறிவதே, உள்நாட்டுப் பத்திரிகைகளை வேவு பார்க்க வெள்ளைக்காரன் தயாரித்த அறிக்கைகளில் இருக்கிற சுருக்கங்களால்தான். அசல் போய்விட்டது, போலீஸ் எடுத்த குறிப்பு மிச்சம். ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைப் பற்றி எழுதிய நூலைப் படிக்கிறவனுக்கு, கிடைத்த இதழ்களின் பட்டியலைவிட கிடைக்காத இதழ்களின் பட்டியல்தான் நெஞ்சில் உட்காரும்.

அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' மட்டும் எப்படிப் பிழைத்தது? எந்தப் பல்கலைக்கழகமும் அதைக் காப்பாற்றவில்லை. அன்பு பொன்னோவியம் போன்ற இயக்கக்காரர்கள் வீட்டில் வைத்துப் பாதுகாத்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் அயோத்திதாசரின் சிந்தனைகளைத் தொகுதிகளாகக் கொண்டுவர முடிந்தது. நடுவில் எண்பது தொண்ணூறு வருடம். அந்தத் தாளைக் கரையான் தின்றிருந்தால் 'பூர்வ பௌத்தம்' என்று இன்று நாம் பேசுகிற பேச்சே இல்லை.

பாபாசாகேப் கதை இன்னும் கொடுமை. அவர் 1956 டிசம்பர் 6இல் இறந்தார். டெல்லி அலிப்பூர் ரோடு 26ஆம் எண் வீட்டில் இருந்த அவருடைய தாள்கள், 1967 ஜனவரியில் அறை காலி செய்யப்பட்டபோது வெளியே முற்றத்தில் போடப்பட்டு மழையில் நனைந்தன என்று அவருடைய உதவியாளர் நானக் சந்த் ரத்து எழுதி வைத்திருக்கிறார். பின்னால் வசந்த் மூன் பெட்டி பெட்டியாகத் தாள்களை வாங்கிப் பிரித்து அடுக்கி, 1979 முதல் மகாராஷ்டிர அரசு அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. அந்தத் தொகுதிகளைப் புரட்டுங்கள். 'இந்த அத்தியாயம் முற்றுப் பெறவில்லை', 'பக்கங்கள் கிடைக்கவில்லை' என்று பதிப்பாளர் குறிப்பு எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். அரசியல் சட்டம் எழுதியவனுக்கே இந்தக் கதி. நம்ம படிப்பகத்துப் பெட்டி எந்த மூலைக்கு?

*

இன்னொரு வகைச் சேதமும் உண்டு. அது நனைவதோ கிழிவதோ இல்லை. பிரதி எடுக்கும்போது மாறிவிடுவது.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892இல் ஆணை வந்தது, நம் ஆட்களுக்கு நிலம் ஒதுக்கினார்கள். எங்கள் நெமிலிச்சேரி, பட்டாபிராம், திருநின்றவூர் எல்லாம் அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லாதான். பத்து வருடம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று மேடையில் சொல்லி வருகிறோம். அதைக் கேட்டுப் போராடித்தான் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள்.

அந்த நிலம் எப்படிக் கைமாறியது? கத்தியைக் காட்டிப் பிடுங்கியது பாதி. மீதி, பதிவேட்டிலிருந்து பதிவேட்டுக்குப் பிரதி எடுக்கும்போது 'டி.சி.' என்கிற ரெண்டெழுத்து உதிர்ந்து போனது. 1980களில் நடந்த யு.டி.ஆர். கணக்கில் பேர் மாறிவிட்டது என்று மனு எழுதாத சேரி இருக்கிறதா? பிறகு அந்தக் கணக்கையே கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். தப்பு அப்படியே ஏறியது. ஏறினதோடு நிற்கவில்லை, 'கம்ப்யூட்டர்ல இப்பிடித்தான் இருக்கு' என்கிற புதுப் புனிதமும் அதற்குக் கிடைத்தது. பழைய ஏட்டையும் புது ஏட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, மாறவில்லை என்று நிரூபிக்கிற முறை ஒன்று அன்றைக்கே நம் கையில் இருந்திருந்தால்?

அந்த முறை இன்று இருக்கிறது. காசும் கிடையாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

*

நான் வங்கியில் எழுத்தர். காலையில் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டியைப் பிடித்துத் தொங்குகிறவன். சாயங்காலம் கல்லாப் பெட்டியில் உள்ள பணமும் கணக்கில் உள்ள தொகையும் ஒத்துப்போகாமல் எவனும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு ரூபாய் குறைந்தாலும் உட்கார்ந்து தேட வேண்டும். கோப்புக்கும் அப்படி ஒரு டேலி உண்டு. அதன் பெயர் ஹாஷ். நான் கைரேகை என்று சொல்கிறேன். ஒரு கோப்பை ஷா-256 என்கிற கணக்கில் போட்டால் 64 எழுத்துள்ள ஒரு வரி வரும். கோப்பு ஒரு பக்கமோ ஆயிரம் பக்கமோ, வரி 64 எழுத்துதான். உள்ளே ஒரு கமா மாறினாலும் அந்த வரி முழுக்க வேறாகிவிடும். இன்றைக்கு எடுத்து எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் கோப்பில் யாரும், எதுவும் கை வைக்கவில்லை.

ஏன் இது வேண்டும்? பெட்டி பொய் சொல்லும் என்பதால். கரையான் தின்றால் மண் தெரியும், தாள் நைந்தால் கை சொல்லும். கோப்பு கெட்டால் ஒன்றும் தெரியாது. பேர் இருக்கும், அளவு இருக்கும், தேதி இருக்கும். திறந்தால்தான் பிணம். அதுவும் பத்து வருடம் கழித்து, வழக்கு வாய்தாவுக்கு முந்தின நாள் ராத்திரி திறக்கும்போது.

எப்படிக் கெடுகிறது? நம்ம பக்கம் முதல் காரணம் கரண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், எழுதி முடித்ததாகச் சொன்னது உண்மையில் வட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. நடுவில் வயரைப் பிடுங்குவதும் அப்படியே. ரெண்டாவது, வட்டே வயதாகித் தேய்வது. மூணாவது, பெட்டியின் நினைவகச் சில்லு கெட்டு, தப்பையே சரி என்று எழுதுவது. நாலாவது, திருடன். 2021இல் கியூலாக்கர், 2022இல் டெட்போல்ட் என்று இந்த மாதிரிப் பெட்டிகளையே குறிவைத்து வந்தன. இணையத்துக்கு வாசலைத் திறந்து வைத்திருந்த பெட்டிகளுக்குள் புகுந்து எல்லாக் கோப்பையும் பூட்டுப் போட்டுக் காசு கேட்டார்கள்.

'எங்க பெட்டில ரெண்டு டிஸ்க் இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கே' என்பார்கள். இதை ரெய்டு என்கிறார்கள். இது ஒரு மூடநம்பிக்கை. ரெண்டு வட்டும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தை எழுதுகின்றன. நீங்கள் தவறி அழித்தால் ரெண்டிலும் அழியும். திருடன் பூட்டினால் ரெண்டிலும் பூட்டுவான். ரெண்டில் ஒன்றில் மட்டும் ஒரு எழுத்து கெட்டால், எது சரி எது தப்பு என்று சாதாரணப் பெட்டிக்குத் தெரியாது. முரணாகப் பேசுகிற ரெண்டு சாட்சி, நீதிபதி இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் தானே கைரேகை வைத்துக்கொள்ளும் கோப்பு முறைகள் உண்டு. இசட்.எஃப்.எஸ்., பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்று பெயர். இவற்றில் பெட்டியே ஒப்பிட்டுப் பார்த்து, கெட்டதை நல்லதிலிருந்து எடுத்துத் திருத்தும். பெட்டியைத் தொடங்கும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மாசம் ஒருமுறை 'ஸ்க்ரப்' என்கிற சோதனையை ஓடவிட வேண்டும். அப்போதும்கூட தீக்கும் வெள்ளத்துக்கும் அது பதில் ஆகாது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாமையும் பார்த்த அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பணக்காரனும் இதில் தப்பவில்லை. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகம் 2021 டிசம்பரில் 77 டெராபைட் ஆய்வுத் தரவை இழந்தது. காப்புப் பிரதி எடுக்க வேண்டிய நிரலே மாறி அழித்துவிட்டது. தென்கொரியாவில் 2025 செப்டம்பரில் தேஜோன் நகரத்து அரசுத் தரவு மையம் எரிந்தது. அரசு ஊழியர்கள் கோப்பு வைக்கும் கிடங்கில் 858 டெராபைட் போனது. அவ்வளவு பெரிசுக்கு வெளியே பிரதி வைக்க முடியவில்லை என்றார்கள். ஆனால் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பரில் ஐந்து சர்வர்களைப் பூட்டினார்கள், சுமார் 1.3 டெராபைட். தாக்குதல் படாத ஒரு பிரதி தனியாக இருந்ததால் மீட்டார்கள். தப்பியதும் தப்பாததும் பணத்தால் தீர்மானமாகவில்லை. தனியாக ஒரு பிரதி இருந்ததா என்பதால் தீர்மானமானது.

என் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் தன் கணக்கில் ஐநூறு ரூபாய் போட்டால், அந்த எண் இங்கே ஒரு தரவு மையத்தில், இன்னொரு ஊரில் இன்னொரு மையத்தில் என்று பதிவாகிறது. முதலாவது போனால் ரெண்டாவது எடுத்து நடத்துமா என்று நாள் குறித்து ஒத்திகை பார்க்கிறார்கள். 2024 ஜூலை 31இல் சின்ன வங்கிகளுக்கு வேலை செய்யும் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தில் தாக்குதல் நடந்து, சுமார் 300 வங்கிகளின் பணப் பரிமாற்றத்தைத் துண்டித்து வைத்தார்கள். மறுநாளே இணைத்தும் விட்டார்கள். ஐநூறு ரூபாய்க்கு இவ்வளவு காவல். ஒரு சேரி எரிந்ததற்கு ஒரு பெட்டி, அதில் ஒரு பிரதி. பணத்துக்குக் காவல் போடத் தெரிந்த சமூகத்தில், சாவுக்குக் காவல் போடுகிற வேலை நம் தலையில்தான் விழும்.

*

'பழைய போட்டோ போனா என்னா?' என்று கேட்கிற மாணவத் தோழர்களுக்கு நாலு வழக்கு சொல்கிறேன்.

வாச்சாத்தி. 1992 ஜூன் 20இல் நடந்தது. தீர்ப்பு 2011 செப்டம்பர் 29. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29. முப்பத்தோரு வருடம். ஹார்டு டிஸ்க்குக்குக் கடையில் தரும் உத்தரவாதம் மூணு வருஷம், மிஞ்சினால் அஞ்சு. நம் நீதி வருவதற்குள் ஆறு தடவை வட்டு மாற்ற வேண்டும் என்று கணக்கு.

கோகுல்ராஜ். 2015 ஜூன் 23இல் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தினார்கள், மறுநாள் தண்டவாளத்தில் பிணம். முக்கிய சாட்சி பிறழ்சாட்சி ஆனார். ஆகவைக்கும் ஊர் இது. கோயில் கேமராவின் பதிவு மட்டும் பேச்சு மாற்றவில்லை. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜனவரியில் உயர்நீதிமன்ற நீதிபதிகளே கோயிலுக்குப் போய்க் கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். ஜூனில் யுவராஜ் உள்ளிட்டோரின் ஆயுள் தண்டனை உறுதியானது. அந்தப் பதிவு கெட்டிருந்தால்? 'தற்கொலை' என்று எழுதி மூடியிருப்பார்கள்.

சாத்தான்குளம். 2020 ஜூன் 19இல் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் போலீஸ் நிலையத்தில் அடித்தார்கள், ரெண்டு பேரும் செத்தார்கள். விசாரிக்கப்போன நீதித்துறை நடுவர் உயர்நீதிமன்றத்துக்கு எழுதியது என்ன? கேமரா இருந்தது, ஒரு டெராபைட் வட்டு இருந்தது, இடம் தாராளமாக இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைப்பு வைத்திருந்தார்கள். கெட்டுப்போன கோப்பு எல்லாம் தானாகக் கெட்டதில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், போலீஸ் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாசம் வைத்திருக்க வேண்டும் என்றது.

நாலாவது பீமா கோரேகாவ் வழக்கு. கைதானவர்களின் கம்ப்யூட்டர்களில் இருந்த கடிதங்கள்தான் ஆதாரம் என்றார்கள். ரோனா வில்சன் கம்ப்யூட்டரில் அவை வெளியிலிருந்து கள்ளத்தனமாக நுழைக்கப்பட்டவை என்று அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. நம்ம திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டான் சுவாமி 2021 ஜூலை 5இல் காவலிலேயே செத்த பிறகு, 2022 டிசம்பரில், அவர் கம்ப்யூட்டரைப் பற்றியும் அதையே சொன்னது. இது கோப்பு அழிவதற்கு நேரெதிர். இல்லாத கோப்பு முளைப்பது. ரெண்டுக்கும் எதிரான ஆயுதம் ஒன்றுதான். எந்தத் தேதியில் என்ன இருந்தது என்பதற்குக் கைரேகைப் பட்டியல்.

சட்டமும் இப்போது அதைக் கேட்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில், மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பை எழுத இடம் வைத்திருக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, வழக்கு நடவடிக்கை முழுவதையும் காட்சிப்பதிவு செய்யச் சொல்கிறது. அது 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம். பதிவு செய்யச் சொல்லி எத்தனை பேர் மனுப் போடுகிறோம்? போட்டு வாங்கிய பதிவை எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறோம்?

*

'எல்லாத்தையும் கிளவுடுல போட்டுடலாம் தோழர்' என்று ஒரு கட்சி. கிளவுடு என்றால் வானமில்லை, அடுத்தவன் வீட்டுப் பெட்டி. வாடகை கட்டாத மாசம் வெளியே போடுவான். ஒரு கொலையின் போட்டோவை 'ஆபாசம்' என்று இயந்திரம் குறித்தால் கணக்கையே முடக்குவான். பாதிக்கப்பட்ட பெண்களின் வாக்குமூலம் யார் கண்ணில் படும் என்பதும் நம் கையில் இல்லை. ஒரு பிரதி அங்கே இருக்கட்டும், பூட்டுப் போட்டு, சாவி நம்மிடம் மூணு பேரிடம். ஒரே பிரதி அங்கே என்றால் அது அடமானம்.

'களத்துல நிக்க வேண்டிய நேரத்துல பெட்டிய நோண்டிக்கிட்டு' என்று இன்னொரு கட்சி. களத்தில் நின்றவர்கள் எடுத்த போட்டோதான் பெட்டியில் இருக்கிறது. அடிபட்டுக் கொண்டுவந்ததைக் காப்பாற்றுவது களத்துக்கு வெளியேயா இருக்கிறது? பாதுகாப்பதைப் பண்டிதன் வேலை, சுவடி வேலை என்று ஒதுக்குகிற மனசு நமக்குள் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏட்டைத் தொடாதே என்று ஆயிரம் வருடமாக ஒரு கூட்டம் நம்மிடம் சொன்னது. இப்போது நாமே சொல்லிக்கொள்கிறோம்.

ஆகவே செய்ய வேண்டியது. கோப்பு கெட்டது தெரிந்ததும் முதலில் பெட்டியில் எழுதுவதை நிறுத்துங்கள். 'ரிப்பேர்' பொத்தானை அமுக்காதீர்கள், புது வட்டைச் சொருகி மறுகட்டுமானம் தொடங்காதீர்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் கரண்டை அணையுங்கள். வட்டை முழுசாக இன்னொரு வட்டுக்கு நகல் எடுத்து, நகலில்தான் வைத்தியம். டிடி-ரெஸ்க்யூ என்கிற இலவச நிரல், கெட்ட இடத்தைத் தாண்டி நல்லதை முதலில் எடுக்கும். பாதி எழுதப்பட்ட பி.டி.எஃப். திறக்காது, ஏனென்றால் அதன் பக்க அட்டவணை கடைசியில் இருக்கிறது. ஆனால் உள்ளே பக்கங்கள் இருக்கலாம், மீட்கலாம். சுருக்கி வைத்த ஜேபெக் போட்டோவில் ஒரு இடம் கெட்டால் அதற்குப் பிறகெல்லாம் குழம்பும். சுருக்காத டிஃப் கோப்பில் பெரும்பாலும் அந்த இடம் மட்டும் போகும். ஆகவே முக்கியமான ஆவணத்தைச் சுருக்காமல் ஸ்கேன் செய்யுங்கள்.

கெட்ட கோப்பு வேறு, படிக்கத் தெரியாத கோப்பு வேறு என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். 1990களில் நம் இதழ்களைப் பேஜ்மேக்கரில் கோத்தார்கள். பாமினி, டாம், டாப், டிஸ்கி, ஸ்ரீலிபி என்று அச்சகத்துக்கு ஒரு எழுத்துரு, ஒரு குறியீடு. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றதே 2010 ஜூனில்தான். அந்தப் பழைய கோப்பை இன்று திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். 'கரப்ட் ஆயிடுச்சு' என்று அழித்துவிடுகிறோம். அது கெடவில்லை, சரியான எழுத்துருவோ மாற்றியோ கிடைத்தால் அப்படியே பேசும். தமிழில் பேர் வைத்த கோப்பிலும் ஒரு வில்லங்கம். 'கொ' என்பதைக் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் எழுதலாம், ரெண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், பெட்டிக்கு வேறு வேறு. ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது 'கோப்பு இல்லை' என்று சொல்லும். காணாமல் போனது என்று முடிவு கட்டாமல் தேடுங்கள்.

அப்புறம், பிரதி மூணு. ரெண்டு வெவ்வேறு சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். நெமிலிச்சேரிப் பிரதி விழுப்புரத்தில் இருக்கட்டும், விழுப்புரத்தது மதுரையில். அதில் ஒன்று எப்போதும் வயரில்லாமல் அலமாரியில் தூங்கட்டும், வயரில்லாத வட்டுக்குள் திருடன் புக முடியாது. பெட்டிக்கு ஒரு யு.பி.எஸ். வாங்குங்கள். ஃபிளெக்ஸ் பேனரில் நாலு மூஞ்சியைக் குறைத்தால் அந்தக் காசு வந்துவிடும். மாசம் ஒரு நாள் பழைய கோப்பில் பத்தை எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, பிரதி என்று கணக்கில் வராது.

கடைசியாக ஒரு யோசனை. சிற்றிதழ்க்காரர்கள் இதை விவாதிக்க வேண்டும். பெட்டியில் உள்ள கோப்புகள் எல்லாவற்றின் கைரேகையையும் ஒரு பட்டியலாக்கி, அந்தப் பட்டியலுக்கு ஒரு கைரேகை எடுங்கள். 64 எழுத்து, ஒரே வரி. அதை ஒவ்வொரு இதழின் பின்னட்டையிலும் அச்சடியுங்கள். ஐநூறு பிரதி ஐநூறு வீட்டுக்குப் போகும். நூலகத்துக்குப் போகும், பழைய புத்தகக் கடைக்குப் போகும், உளவுத்துறைக் கோப்புக்கும் போகும். நாளைக்கு எவனாவது நம் ஆவணத்தை மாற்றிவிட்டு 'இதுதான் அசல்' என்றால், அல்லது நம் பெட்டியில் எதையாவது நுழைத்துவிட்டு 'இது உங்களுடையது' என்றால், ஐநூறு வீட்டிலிருந்து ஒரு தாள் எழுந்து சாட்சி சொல்லும். ஐநூறு பேரையும் பிறழ வைக்க எந்த ஆதிக்கச் சாதிக்காரனிடமும் பணம் போதாது.

'பறையன்' இதழின் முழுத் தொகுப்பு நமக்குத் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. அதற்கு நாம் பொறுப்பில்லை. இன்று பெட்டியில் இருப்பதற்கு நாம்தான் பொறுப்பு. வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தீர்மானங்களுக்கு முன்னால் பெட்டியைத் திறந்து பாருங்கள்.